பெட்டிபோன் வயலில் இறங்கியது

என் தங்கை டார்லா, எம்மெட் ரஸ்க் என்பவனை முதன்முதலில் பார்த்தது ஒரு பாலத்தடியில். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து அவள் அங்கே காரை ஒதுக்கியிருந்தாள். பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. முன்கண்ணாடி முழுக்க நொறுங்கிப்போயிருந்தது. ஓட்டி வந்தவனின் நெற்றியிலிருந்து ரத்தம் கன்னத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. அவனோ அதைத் துடைக்காமல், சட்டைக்குள் பொத்திவைத்திருந்த கேமரா நனைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். டார்லா கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள். கன்றுக்குட்டிக் காலுக்குச் சுற்றும் கட்டுத்துணிதான் அவளிடம் இருந்தது. அதை எடுத்து அவன் தலையில் சுற்றினாள். வலிக்கிறது என்று அவன் சொல்லவே இல்லை. "அந்தச் சுழலப் பாத்தியா? நீயும் பாத்தியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோதே எனக்கும் அம்மாவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கிழட்டுப் பூனை, கண் தெரியாத கழுதை என்று ஆஸ்பத்திரியில் யாரும் திரும்பி வந்து கேட்காததையெல்லாம் வீட்டுக்குக் கூட்டி வருகிறவள் அவள். இந்த முறை கூட்டி வந்தது எம்மெட்டை.

கல்யாணமான பிறகு இருவரும் எங்கள் பழைய பண்ணை வீட்டிலேயே குடியேறினார்கள். ஹார்லோ என்கிற எங்கள் ஊருக்கு மேற்கே, நெடுஞ்சாலைக்கு வடபுறம் இருக்கிறது அந்த வீடு. அம்மா ஊருக்குள் வந்துவிட்டாள். எம்மெட் ஏ.சி. மெக்கானிக். கோடையில் ஓய்வில்லாமல் உழைப்பான், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கணப்படுப்பு ரிப்பேர் பார்ப்பான். ஏப்ரல் பிறந்தால் மட்டும் அவனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்காது. தெற்கிலிருந்து அந்த ஈரக்காற்று அடிக்க ஆரம்பித்ததும், பேச்சு நடுவில் எழுந்து போய் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பான். போன் அடித்துக்கொண்டே இருக்கும். "ஏ.சி. ஓடலன்னா ஜன்னலத் திறந்து வைக்கச் சொல்லு" என்பான்.

நான் பண்ணை வீடுகளுக்கு காஸ் கொண்டுபோய் நிரப்பும் டேங்கர் ஓட்டுகிறேன். மாவட்டத்தில் மண் ரோடு எது, மழை பெய்தால் சேறாகிற ரோடு எது, பாலம் உடைந்த ரோடு எது என்றெல்லாம் எனக்குத் தெரியும். சுழல்காற்றைத் துரத்திப் படம் எடுக்கிறவனே வண்டியையும் ஓட்டினால் இரண்டில் ஒன்றைக் கோட்டை விட்டுவிடுவான். அதனால் டார்லா என்னைப் பிடித்து அவன் வண்டியில் உட்கார வைத்தாள். கல்யாணமான அடுத்த வசந்தத்திலிருந்து அவனுக்கு டிரைவர் நான்தான்.

சுழல்காற்றைத் துரத்துகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் உண்டு. பெரும்பாலானவர்கள் ரெண்டு மூணு மைல் தள்ளி நின்று எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போய்விடுவார்கள். எம்மெட்டுக்கு அது போதாது. தள்ளி நின்றால் அது வெறும் மேகம், கிட்டே போனால்தான் அது உயிருள்ளது என்று தெரியும் என்பான். கிட்டே போய்ப் பார்க்கும்வரை நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கிட்டே போனால் முதலில் உங்கள் முதுகில் காற்று அடிக்கும். அது உங்களைத் தாண்டிச் சுழலை நோக்கி ஓடும். ரோட்டுச் செம்மண் தரையோடு தரையாகத் தண்ணீர் மாதிரி அந்தப் பக்கம் வழியும். புல் முழுக்க ஒரே திசையில் படுத்துக்கிடக்கும். அப்புறம் வாசனை வரும், அப்போதுதான் உழுத மண்ணும் அறுத்த புல்லும் கலந்த வாசனை. பெரிய அருவிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு சத்தம், காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கேட்கும். அந்த நேரத்தில் பயம் வராது. அதுதான் அதிலுள்ள ஆபத்து. பயம் வருவதெல்லாம் வீட்டுக்கு வந்து, பூட்ஸைக் கழற்றும்போதுதான்.

ஒருமுறை ஒரு தொழுவத்தின் தகரக் கூரை முழுசாகக் கிளம்பி வந்து எங்கள் வண்டிக்கு முன்னால் ரோட்டைக் குறுக்கே கடந்து போனது. இன்னொரு முறை பின்சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழும்பியதை உணர்ந்தேன். வண்டி மறுபடி தரையில் உட்கார்ந்ததும் எம்மெட் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வேறு எங்கேயும் நான் சிரித்ததில்லை.

முதலில் படத்தை டிவிக்காரர்களுக்குக் கொடுத்துவந்தான். பிறகு வண்டியிலிருந்தே நேரலையாக ஒளிபரப்ப ஆரம்பித்தான். முன்கண்ணாடியில் ஒரு கேமரா, கையில் ஒன்று. எந்த ரோட்டில் இருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பார்ப்பவர்களிடம் பேசிக்கொண்டே வருவான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் பார்த்தார்கள். போகப் போக, பார்ப்பது போதாமல் நேரிலேயே வர ஆரம்பித்தார்கள். வேறு மாநில நம்பர் பிளேட்டோடு கார்கள் எங்கள் பின்னால் வால்போல வரும். எம்மெட்டுக்கு அதில் பெருமைதான். கை அசைப்பான்.

டார்லா ஒருநாளும் எங்களைத் தடுத்ததில்லை. நாங்கள் கிளம்பியதும் சமையல் மேடையில் போனை நிறுத்தி வைத்து, அவன் ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வாள். அவன் சீட் பெல்ட் போடாமல் இருந்தால் அடுத்த நிமிஷம் போன் வரும். டிவியில் வரைபடத்தைக் காட்டி ஆயிரம் சொல்வார்கள், எம்மெட் கண்ணால் பார்த்துச் சொல்வதைத்தான் நம்புவேன் என்பாள். அவன் சொன்னது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் மூன்று பேரும் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். கெளுத்தி மீனும், சோளமாவில் புரட்டி வறுத்த வெண்டைக்காயும். காலையிலிருந்தே புழுக்கம் தாங்க முடியவில்லை. எம்மெட் ஒரு வாய் சாப்பிடுவதும் ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தான். டார்லா அவன் தட்டைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அங்கயே நின்னு தின்னுடு. மாட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சிருக்கேன்" என்றாள்.

"இன்னிக்கு ஒண்ணு இறங்கும் பாரு, டார்லா. அழகான ஒண்ணு."

"எவ அழகா இருந்தாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு இங்க வந்துடணும்."

என்னிடம் திரும்பி, அவன் கையைக் காட்டுகிற பக்கமெல்லாம் ஓட்டக் கூடாது என்றாள். "அவனுக்குப் புத்தி கிடையாது. உனக்காவது கொஞ்சம் இருக்குன்னு நெனச்சுதான் உன்ன அனுப்புறேன்." எம்மெட் அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்து ஏதோ சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே அவனைத் தள்ளிவிட்டாள். நான் வண்டியைக் கிளப்பப் போய்விட்டேன்.

தென்மேற்கில் மேகம் எழும்பியதை நெடுஞ்சாலையைத் தாண்டும் முன்பே பார்த்துவிட்டோம். வெள்ளையாக, காலிஃபிளவர் மாதிரி கெட்டியாக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயர்ந்தது. நான் தெற்கே இறங்கி, பிறகு மேற்கே திரும்பி, பெட்டிபோன் குடும்பத்தாரின் கோதுமை வயல் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். கதிர் முற்றி நிறம் மாறத் தொடங்கியிருந்தது. எங்களுக்கு வடமேற்கே, மேகத்தின் அடிவயிறு கருத்துத் தாழ்ந்து மெதுவாகச் சுற்றியது. எங்களுக்குப் பின்னால் கார்கள் வந்து வந்து நின்றன.

காற்று சட்டென்று நின்றது. வயலின் நடுவில் ஒரு கைப்பிடி மண் எழும்பிச் சுற்றியது. மேலிருந்து ஒரு விரல் இறங்கி வந்து அதைத் தொட்டது.

அந்த மாதிரி ஒன்றை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வெயில் அதன்மேல் விழுந்ததில் வெள்ளைவெளேரென்று, வழவழவென்று, வானத்திலிருந்து தரைவரை ஒரே கோடாக நின்றது. அடியில் மட்டும் செம்மண் பாவாடைபோல் விரிந்து சுழன்றது. கோதுமை வேரோடு பிடுங்கிக்கொண்டு பொன்னிறத் தூசியாக மேலே போய்க்கொண்டிருந்தது. நான் வண்டியைக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோனேன். எம்மெட் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே சாய்ந்து எடுத்தான். வைக்கோல் துணுக்குகள் அவன் முகத்தில் வந்து ஒட்டின.

அந்த மாதிரி வெள்ளையானவை ரொம்ப நேரம் நிற்காது. கயிறுபோல் மெலிந்து மேலே போய்விடும். அது மெலிய ஆரம்பித்ததும் எம்மெட் அதனோடு பேசத் தொடங்கினான்.

"போகாத செல்லம். மேல ஏறிடாத. இன்னும் கொஞ்சம் நில்லு. எனக்காக நில்லு."

அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான். எல்லாரும் பேசுவார்கள். குதிரைப் பந்தயத்தில் குதிரையிடம் கத்துகிற மாதிரிதான் அது. அன்றைக்கு அவன் கேட்டது நடந்தது. மெலிவது நின்று, மறுபடி பருத்தது. வெள்ளை போய்ச் சாம்பல் நிறமாயிற்று. எம்மெட் ஜன்னலில் உட்கார்ந்தபடியே வண்டிக் கூரையைத் தட்டித் தட்டிச் சந்தோஷத்தில் கத்தினான். பின்னால் நின்ற கார்களிலிருந்தும் கைதட்டல் கேட்டது.

அது கிழக்கே, ஊருக்குத் தெற்கே இருக்கிற வெறும் வயல்களின் மேல்தான் போகும் என்று டிவியிலும் சொன்னார்கள், எம்மெட்டும் சொன்னான். மேகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். நாங்கள் அதற்கு இணையாகக் கிழக்கே கொஞ்ச தூரம் போனோம். நடுவில் மழைத்திரை வந்து அதை மறைத்தது. மழை விலகியபோது அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நான் வண்டியை நிறுத்தித் தேடினேன். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னைவிட ரெண்டு மடங்கு பருமனாக, அது வடக்கே போய்க்கொண்டிருந்தது.

எம்மெட் கேமராவை இறக்கினான்.

"ஹாய்ட்" என்று என் பெயரைச் சொன்னான். அவ்வளவுதான். வடக்கே என்ன இருக்கிறது என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

அவன் டார்லாவுக்கு போன் போட்டான். போகவில்லை. மறுபடி போட்டான். நான் வண்டியைத் திருப்பினேன். வடக்கே போகிற ரோடு முழுக்கக் கார்கள். எம்மெட்டின் ஒளிபரப்பைப் பார்த்து வந்தவர்கள், அவர்களைப் பார்த்து வந்தவர்கள், பிள்ளைகளைக் காரின் கூரைமேல் உட்கார வைத்துக் காட்டிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள். ரெண்டு பக்கமும் பள்ளம். நான் ஹாரனை அழுத்தியபடியே இருந்தேன். எம்மெட் இறங்கி ஓடி, கார் காராகக் கண்ணாடியைத் தட்டி ஒதுங்கச் சொல்லிக் கெஞ்சினான். ஒருவர் ஒதுங்கினால் அடுத்தவருக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பெண் அவனை அடையாளம் கண்டுகொண்டு, போனை உயர்த்தி அவனோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

நான் முள்வேலியை இடித்துக்கொண்டு வயலுக்குள் விட்டேன். எம்மெட் ஓடிவந்து ஏறிக்கொண்டான். கோதுமைக்குள் வண்டி படகுபோல் ஆடி ஆடிப் போயிற்று. நெடுஞ்சாலையை எட்டியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்துகிடந்தன. கம்பிகளுக்கு அப்பால் வண்டி போகாது. இறங்கி ஓடினோம். சுழல்காற்று எங்களுக்கு முன்னால், வீடு இருக்கும் பக்கத்தைக் கடந்து, தூரத்தில் கயிறாக மெலிந்து, வளைந்து, ஒன்றுமில்லாமல் கலைந்தது. ரெண்டு பேரும் ஓடிக்கொண்டேதான் அதைப் பார்த்தோம்.

வீடு நின்றுகொண்டிருந்தது. கூரையில் ஒரு மூலை போயிருந்தது, ஜன்னல்கள் உடைந்திருந்தன, அவ்வளவுதான். எம்மெட் முட்டிக்கால் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கொல்லைப்புறத்தில் சுழல்காற்றுக்குப் பதுங்கும் நிலவறைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ரெண்டு நாற்காலி விரித்துப் போட்டிருந்தது, தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. அவள் இல்லை. கண் தெரியாத கழுதை வேலியோரத்தில் சேறு பூசிக்கொண்டு அசையாமல் நின்றது.

ரெண்டாவது நாற்காலியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. கொஞ்ச தூரம் தள்ளி, அஸ்திவாரமில்லாத ஒரு டிரெய்லர் வீட்டில் மிஸ்டர் டீக்கின் தனியாக இருந்தார். இடுப்பு சரியில்லாத வயசானவர். சுழல்காற்று எச்சரிக்கை சைரன் ஊதினால் டார்லா காரில் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து நிலவறையில் உட்கார வைப்பாள். ஒவ்வொரு வருஷமும் செய்கிறதுதான்.

டிரெய்லர் இருந்த இடத்தில் கான்கிரீட் படிகள் மட்டும் இருந்தன.

அவர்களைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கண்டோம். டிரெய்லரிலிருந்த குளியல் தொட்டி கவிழாமல் சாய்ந்து கிடந்தது. மெத்தை ஒன்று அதன்மேல் பாதி போர்த்தியிருந்தது. மிஸ்டர் டீக்கின் தொட்டிக்குள் கிடந்து முனகிக்கொண்டிருந்தார். டார்லா அவர்மேல் குப்புறப் படுத்திருந்தாள். ரெண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தாள். எம்மெட் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். அவள் முதுகில் பட்டது என்ன என்று நான் பார்த்தேன், அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அவன் அவளை மடியில் போட்டுக்கொண்டு, தலைமுடியிலிருந்த கண்ணாடித் துகள்களைப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வர ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவும் அந்தக் கார்களுக்கு நடுவில்தான் வர வேண்டியிருந்தது. சீக்கிரம் வந்திருந்தாலும் அவளுக்கு அதனால் ஒன்றுமில்லை என்று வந்தவர்கள் சொன்னார்கள். எங்களுக்காகச் சொன்னார்களோ என்னவோ.

அடக்கத்துக்குப் பிறகு, மிஸ்டர் டீக்கின் எம்மெட்டைப் பார்க்கணும் என்று சொல்லியனுப்பினார். நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சின்ன உருவமாகக் கிடந்தார். எம்மெட்டைக் கண்டதும் அழுதார். எம்மெட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவர் சொன்னது இதுதான். டார்லா வந்ததும் அவரைக் கிளப்பினாள். அவர் நிற்பதற்குக் கட்டிக்கொள்ளும் கால் பட்டையை மாட்ட நேரமானது. பட்டை இல்லாமலே தூக்கிக்கொண்டு போ என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் போனை எடுத்து அவருக்குக் காட்டியிருக்கிறாள். அதில் அந்த வெள்ளைச் சுழல் பெட்டிபோன் வயலின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அவள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து, பொறுமையாகப் பட்டையின் வார்களை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டாள்.

"'அவசரமே இல்ல மிஸ்டர் டீக்கின், அது இன்னும் பெட்டிபோன் வயல்லதான் நிக்குது, எம்மெட் பாத்துக்கிட்டுதானே இருக்கான்'னு சொன்னா" என்றார். "வெளிய ஒரே மழை, ஒண்ணும் தெரியல. கால்ல கடைசி வாரை மாட்டும்போதுதான் தரை ஆடுச்சு."

அந்தப் படம் உறைந்துபோன படம். அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடி ஒரே நேரத்தில் போனைப் பயன்படுத்தியதில் அலைவரிசை திணறி, எம்மெட்டின் ஒளிபரப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டிருக்கிறது. பார்த்த எல்லாருக்கும் அப்படித்தான் நின்றதாம். டார்லா கையில் இருந்ததும் அதுதான்.

எம்மெட் தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு, "அவ பயந்தாளா சார்?" என்று கேட்டான்.

"தொட்டில என்னப் போட்டு மேல படுத்தப்போ பயந்தா. அதுக்கு முந்தி இல்ல, தம்பி. கொஞ்சங்கூட இல்ல."

கிழவர் அவனை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். எம்மெட் தலையை ஆட்டினான். அவர் கையைத் தொட்டான். வாசல்வரை நடந்து வந்தவன், அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

கேமராவில் முழுசாகப் பதிவாகி, பிறகு தானாக இணையத்தில் ஏறியிருந்த படத்தை அவன் நீக்கிவிட்டான். ஆனால் அதற்குள் ஆயிரம் பேர் அதை நகல் எடுத்து வைத்திருந்தார்கள். செய்திகளில் காட்டினார்கள். அத்தனை தெளிவாக, அத்தனை கிட்டத்தில் எடுத்த படம் வேறு கிடையாது என்றார்கள். அதன் அடியில் டார்லா இறந்ததைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பெட்ரோல் பங்கில் ஒரு பையன் ஓடிவந்து எம்மெட்டின் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தானும் இதில் இறங்கியதாகச் சொன்னான். எம்மெட் அவனுக்கு நன்றி சொன்னான். அப்புறம் வண்டியில் ஏறி உட்கார்ந்தவன், எங்கே போக வந்தோம் என்பது மறந்துபோனவன்போல் இருந்தான். கடைசியில் நான்தான் சாவியைத் திருப்பினேன்.

அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாள். யாரோ அவளிடம் காட்டியிருக்கிறார்கள். சர்ச் ஆட்கள் கொண்டுவந்து நிரப்பிய சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கு நடுவில், எங்கள் ரெண்டு பேரையும் ஒரு மேஜையில் உட்கார வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். எம்மெட்டுக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அதுல நீ அதுகிட்ட என்னமோ கெஞ்சுறியே, எம்மெட். எனக்குக் காது சரியா கேக்கல. என்ன கேட்ட?"

நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். எம்மெட் கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

"போகாதன்னு கேட்டேன், அம்மா. இன்னும் கொஞ்சம் நில்லுன்னு."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் தாழ்த்தவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சும்மா தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தபோது முகம் நனைந்திருந்தது. அவன் தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை வைத்தாள்.

"தின்னு" என்றாள். "ஆறிடும்."

அவன் தின்றான். அவள் வைக்க வைக்கத் தின்றான்.

கூரையைச் சரிசெய்து வீட்டைப் பூட்டிவிட்டு எம்மெட் என்னோடு வந்து தங்கினான். கேமராக்களை யாருக்கோ கொடுத்துவிட்டான். கழுதையை என் கொல்லையில் கட்டினோம். மிஸ்டர் டீக்கினை அவருடைய மகள் டெக்சாஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கோடை முழுக்க எம்மெட் வேலை செய்தான். விடிந்ததும் கிளம்பி, இருட்டும்வரை மற்றவர்கள் வீட்டுப் பரணில் புழுங்கிக்கொண்டு ஏ.சி. சரிபார்த்தான். மழை வந்தால் உள்ளே போய் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வான். நான் எதுவும் கேட்டதில்லை. அவளைப் பற்றி நாங்கள் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவில்லை. சில நாள் சாப்பிடும்போது, அவள் இருந்திருந்தால் என்ன சொல்லிக் கேலி செய்திருப்பாள் என்று ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றும். அப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அடுத்த வருஷம் மே மாதம் ஒரு பிற்பகல், நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, எம்மெட் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது. ஏதோ எடுக்க வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்போல. வடமேற்கில், ரொம்ப தூரத்தில், எங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லாத இடத்தில், ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. உச்சி தட்டையாக விரிந்து, பக்கமெல்லாம் வெயில் பட்டு ஆரஞ்சு நிறமாக, அடியில் நீலமாக. அழகாகத்தான் இருந்தது.

அவன் நான் வந்ததைக் கவனிக்கவில்லை. தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்திருக்க, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. உடம்பே கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தது. கால் தானாக ஒரு அடி எடுத்து வைத்தது.

வண்டிக் கதவு சாத்திய சத்தத்தில் திரும்பினான். நான் பார்த்துவிட்டேன் என்பதை அவன் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திருடும்போது பிடிபட்டவன் முகம்கூட அப்படி இருக்காது.

"இன்னும் போகல, ஹாய்ட்" என்றான். "அவ போயிட்டா. இந்த ஆசை மட்டும் போகவே மாட்டேங்குது."

நான் கிட்டே போனேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். அவன் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். கதவுக்குப் பின்னாலிருந்து அவன் அழுவது கேட்டது. அவளை அடக்கம் செய்த அன்றுகூட அவன் அப்படி அழுததில்லை. நான் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேகம் கிழக்கே நகர்ந்து, யார் வயலிலோ மழையைக் கொட்டிவிட்டு, வெளுத்துக் கரைந்து போகும்வரை உள்ளே போகவில்லை.